சோமு கேட்ட அடுப்பு

12.4.1993 – மதுரை, நரம்பு வைத்தியர் – ரூ. 150
3.6.1993 – கேரளம், எண்ணெய் வைத்தியம், 21 நாள் – ரூ. 4,800
18.11.1993 – மந்திரித்த தகடு – ரூ. 501
7.2.1994 – மதுரை, கரண்டு வைத்தியம், ஆறு தடவை – ரூ. 7,340
22.8.1995 – கோயிலில் ஒரு மண்டலம் தங்கல் – ரூ. 1,125
9.10.1996 – தூக்க மாத்திரை, ஒரு வருஷத்துக்கு – ரூ. 2,196
11.1.1997 – தேவகோட்டை – ரூ. 40

காரைக்குடி மீனாட்சிசுந்தரம் செட்டியாரின் நீல அட்டை நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கம் இது. தலைப்பு ‘சோமு வைத்தியம்’. கூட்டினால் பதினாறாயிரத்து நூற்றைம்பத்திரண்டு. பஸ் செலவு இதில் சேராது. அதற்கு வேறு பக்கம் உண்டு. பதினெட்டு வயதில் ஈப்போவில் ஒரு கடையில் கணக்கெழுத உட்கார்ந்த நாளிலிருந்து அவர் எழுதாமல் படுத்த நாள் கிடையாது.

சோமு அவருடைய ஒரே மகன். அவரை அப்பச்சி என்று கூப்பிடுவான். 1960இல் பிறந்தவன். கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது முழுக்க அவனுடைய தாயார் சாலா ஆச்சியின் தலைக்குள் இருந்தது. தட்டில் எதுவும் எதையும் தொடாமல் வைப்பார்கள். அவன் சாப்பிடும்போது பேசமாட்டார்கள். வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாளே அவனை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை, எழுதியும் வைக்கவில்லை. 1993 பிப்ரவரி இரண்டாம் தேதி காலமாகிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் வீடு தலைகீழாகிவிட்டது. சோமு திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சுருதியில் முனகுவான். பிறகு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் இருக்கும் தேக்குத் தூணில் போய் முட்டிக்கொள்வான். சில நாள் பத்து நிமிஷத்தில் அடங்கும். சில நாள் இரண்டு மணி நேரம். சமையலுக்கு இருந்த மலையம்மாள் தூணில் பழைய மெத்தையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். வருகிறவர்கள் அந்த மெத்தையைப் பார்த்துவிட்டு, கேட்காமல், காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று செட்டியாருக்கு இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மேலே உள்ள பட்டியல். எண்ணெய் வைத்தியத்தில் அவனுக்கு அந்த வாசனை ஆகாமல் மூன்று நாள் வாந்தி எடுத்தான். கரண்டு வைத்தியத்துக்குப் பிறகு சாதுவாகத்தான் இருந்தான். ஆனால் தன் சட்டையை எந்த ஆணியில் மாட்டுவது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஆணியடியில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்த அன்றைக்குச் செட்டியார் நோட்டில் தேதியை மட்டும் எழுதினார். மேற்கொண்டு எழுத வரவில்லை.

அவருக்கு எழுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. படுத்தால் ஒரே யோசனைதான். நான் போன மறுநாள் காலையில் இவனுக்கு யார் தட்டு வைப்பார்கள்?

வீடு அவருக்கும், இறந்துபோன அண்ணன் மகன் அழகுசுந்தரத்துக்கும் பொது. அழகு சென்னையில் இருந்தான். சிவகங்கை வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை அவனும் பார்த்திருக்கிறான். சித்தப்பாவுக்குப் பிறகு இதையும் பூட்டிவிடலாம், சோமுவைத் தாம்பரம் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று முன்பே சொல்லிவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தூணில் கட்டிய மெத்தையை அவனும் பார்த்தவன்தான்.

சோமு பன்னிரண்டு வருஷமாகக் கல்லுக்கட்டி பக்கம் அமலதாஸ் என்பவர் வைத்திருந்த வைண்டிங் கடையில் வேலை பார்த்தான். கருகிப்போன மிக்ஸி மோட்டார், ஃபேன் மோட்டார், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுவது அவன் வேலை. செட்டியார் வீட்டுப் பிள்ளை கையில் வார்னிஷ் கறையோடு கடையில் உட்கார்ந்திருப்பது உறவில் பலருக்கு உறுத்தல். அந்தக் கடையில் மட்டும் ஒரு தடவைகூடச் சோமு தலையை முட்டிக்கொண்டதில்லை. செட்டியாருக்கு அது ஏனென்று யோசிக்கத் தோன்றியதே இல்லை. வேலையில் இருந்தால் மனசு ஒருநிலையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

1996 டிசம்பரில் கடைக்குப் போனபோது அமலதாஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் அண்ணன் மகள் மரிய அனிதா பெங்களூரில் மனநல ஆலோசனை படித்துவிட்டு மதுரையில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை தேவகோட்டையில் அப்பா வீட்டில் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கிறாள். மாத்திரை எழுதமாட்டாள், பேசுவாள்.

“பேசுறதுக்கா காசு வாங்குது?” என்றார் செட்டியார்.

“நாற்பது ரூபாய்தான்யா. நம்ம பேசுனா யாரு குடுக்கா?” என்றார் அமலதாஸ்.

ஜனவரி பதினொன்றாம் தேதி அப்பாவும் மகனும் போனார்கள். செட்டியார் நோட்டை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டார். எந்த வைத்தியரிடம் போனாலும் அவர்தான் பேசுவார். சோமு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே அந்தப் பெண் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டது. சோமுவை மட்டும் உள்ளே கூப்பிட்டது. முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. செட்டியார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கப்போகிறது என்று ஒவ்வொரு நிமிஷமும் காத்திருந்தார்.

கேட்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அந்தப் பெண் அவனை ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்து, தானும் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்து, கேள்வியைத் தாளில் எழுதி எழுதிக் கொடுத்திருக்கிறது. அவனும் எழுதியே பதில் சொல்லியிருக்கிறான். நாலு பக்கம்.

செட்டியார் நோட்டை நீட்டினார். அனிதா முப்பத்தொன்றாம் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தது.

“இவ்வளவு விவரமா எழுதுறீகளேய்யா. இன்னொண்ணு எழுத முடியுமா?”

எப்போதெல்லாம் சோமு முட்டிக்கொள்கிறானோ அப்போதெல்லாம் தேதி, மணி, இடம், அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதச் சொன்னது. ஏன் நடந்தது என்று நினைக்கிறார் என்பதை எழுத வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் போதும். இது சோமுவுக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். அவனிடம் கேட்டுச் சரி என்ற பிறகுதான் சொல்வதாகவும் சொன்னது.

வேறு பக்கத்தில் இருபத்தேழு நாள் எழுதினார். அதன்பிறகு தேவகோட்டைச் செலவும் அந்தப் பக்கத்துக்கே போனது. பதினொரு தடவை நடந்திருந்தது. அதில் ஏழு, மத்தியானச் சாப்பாட்டு நேரம்: மூன்றில் மலையம்மாள் பக்கத்தில் மிக்ஸி போட்டிருந்தாள், நாலில் யாராவது வந்து பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து அவனிடம் குசலம் விசாரித்திருந்தார்கள். ஒன்றுக்குக் காரணம் தெரியவில்லை. மிச்சம் மூன்று தடவை, பத்து நிமிஷம் முன்னால் நடந்தது என்ற இடத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘நான் பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.’ மூன்று தடவையும் பிரியமாகத்தான் தொட்டார்.

பிப்ரவரி எட்டாம் தேதி கொண்டுபோய்க் காட்டினார். அன்றைக்கும் சோமு தனியாக ஒரு மணி நேரம் இருந்தான். வெளியே வந்தபோது அவன் எழுதிய தாள் ஒன்றை அவன் சம்மதத்தோடு அனிதா அவரிடம் கொடுத்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் அது. திரும்பும் பஸ்ஸில்தான் படித்தார்.

‘எனக்குத் தனி அடுப்பு வேணும். என் வீட்டில் நானே சமைச்சுச் சாப்பிடணும்.’

செட்டியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன புரிந்துகொண்டார் என்றால், பையன் கல்யாணம் கேட்கிறான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். செட்டியார் வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். அறையை வீடு என்பார்கள். இரண்டு சேர்ந்தது இரட்டை வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் ஒரு இரட்டை வீட்டில் குடிவைத்து, பண்டபாத்திரம், அரிசி பருப்பு கொடுத்து, பின்கட்டில் தனி அடுப்பும் போட்டுக்கொடுப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே தனிச் சமையல். இதற்கு வேறு வைப்பது என்று பெயர். அன்றையிலிருந்து அவன் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனி வரி கட்டும் குடும்பம். கல்யாணம் ஆகாதவனுக்குப் புள்ளியும் கிடையாது, அடுப்பும் கிடையாது. முப்பத்தேழு வயதானவன் தனி அடுப்பு கேட்டால் அந்த வீடுகளில் பிறந்த யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது.

மார்ச், ஏப்ரல் சனிக்கிழமைகளில் தேவகோட்டைக்குப் போகவில்லை. ஜாதகம் எடுத்துக்கொண்டு அலைந்தார். நாச்சியாபுரத்தில் அக்கம்மாள் ஆச்சி என்பவரின் மகளுக்கு முப்பத்திரண்டு வயது, தகப்பனார் இல்லை. பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று மட்டும் செட்டியார் சொன்னார். சொல்லிவிட்டு வந்த இரவு தூக்கம் வரவில்லை. கரண்டு வைத்தியத்தைச் சொல்லவில்லை. மெத்தையைச் சொல்லவில்லை. அவர்கள் வருவதற்கு முதல் நாள் மெத்தையை அவிழ்த்து மச்சில் போடச் சொன்னார். மலையம்மாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, தம்பிகிட்டக் கேட்டீகளா என்று கேட்டாள். அவன்தானே கேட்டான் என்றார்.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. வேனில் பதினொரு பேர் வந்தார்கள். பழத்தட்டு, பட்டுப்புடவை, சிரிப்பு, இரண்டு குழந்தைகளின் ஓட்டம். சோமு மாடிப்படியில் வந்து நின்று பார்த்தான். யாரோ ஒரு மாமா, வாங்க மாப்பிள்ளை என்று முதுகில் தட்டினார். சோமு ஒன்றும் செய்யவில்லை. தெற்குப் பக்கத்து இரட்டை வீட்டுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மணி பத்து ஐம்பது.

காய்ச்சல் என்று செட்டியார் வந்தவர்களிடம் சொன்னார். காய்ச்சல்காரன் மாடியிலிருந்து இறங்கி வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று முழுக்க அவன் திறக்கவில்லை. செட்டியார் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே முட்டும் சத்தம் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். கதவிடுக்கில் காதை வைத்து மூச்சு கேட்கிறதா என்று பார்த்தார். மலையம்மாள் தண்ணீர்ச் செம்பை ஜன்னல் வழியாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் செம்பு காலியாக இருந்தது. அந்தக் காலிச் செம்பைப் பார்த்த பிறகுதான் அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு, கதவோடு பேசினார்.

“பொண்ணு பிடிக்கலையாப்பா?”

உள்ளேயிருந்து பதில் வந்தது.

“நான் பொண்ணு கேக்கலை.”

“தனி அடுப்பு கேட்டியே சோமு.”

“ஆமா. அடுப்புத்தான் கேட்டேன்.”

தாழ்ப்பாள் திறந்தது. செட்டியார் எழுந்திருக்கவில்லை. சோமு அவரைத் தாண்டிக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான்.

அன்று சாயங்காலம் நாச்சியாபுரத்துக்கு உள்ளது உள்ளபடி ஒரு கடிதம் எழுதினார். கரண்டு, மாத்திரை, மெத்தை, எல்லாம் தேதியோடு. மன்னிப்புக் கேட்டார். ஒன்பதாம் நாள் அக்கம்மாள் ஆச்சியிடமிருந்து கார்டு வந்தது: ‘உள்ளதைச் சொன்னது சந்தோஷம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.’ அந்தக் கார்டை அவர் கிழிக்கவில்லை. நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூன் பதினான்கு சனிக்கிழமை தேவகோட்டைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அனிதா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டது. பிறகு, “அவரு சொல்றதை அப்படியே எடுத்துக்கங்கய்யா. அதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்காது,” என்றது.

செட்டியார் அன்றுதான் வாய்விட்டுக் கேட்டார். இது என்ன வியாதி? எத்தனை நாளில் சரியாகும்?

வியாதி இல்லை என்றது அந்தப் பெண். பிறவியிலேயே சிலருடைய மூளை சத்தத்தையும் தொடுதலையும் பேச்சையும் வேறு விதமாக வாங்கிக்கொள்ளும். இங்கிலீஷ் புத்தகங்களில் ஆட்டிசம் என்று பெயர் இருக்கிறது. ஆனால் குழந்தைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், வளர்ந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. சோமுவிடம் அந்தப் பெயரைச் சொல்லியாயிற்று. அவருக்கு அது பொருந்துகிறது என்று அவரே சொல்கிறார்.

“அவரை மாத்தணும்னு வந்தீகன்னா என்கிட்ட ஒண்ணும் இல்லை. அவரு நிம்மதியா இருக்கணும்னா செய்ய நெறைய இருக்கு. எங்க சித்தப்பா கடையில போய்ப் பாருங்க.”

திங்கட்கிழமை கடைக்குப் போய்ப் பார்த்தார். சுற்றி முடித்த மோட்டாரைச் சோமு மேஜையில் வைத்தான். அமலதாஸ் ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டினார். சோமு எழுந்து தெருவில் பத்துக் கடை தள்ளிப் போய் நின்றான். அமலதாஸ் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். கடையே அதிர்ந்தது. நிறுத்திவிட்டு மறுபடி கையைத் தூக்கினார். சோமு திரும்பி வந்தான். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தானாம். ஏன் சொல்லவில்லை என்று செட்டியார் கேட்டார். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார் அமலதாஸ். சத்தம் ஆகாதவனை எதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்?

தூக்க மாத்திரையை அனிதா சொன்ன மதுரை டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, வளர்பிறையா தேய்பிறையா என்று சோமு கேட்காவிட்டாலும் செட்டியார் நாள் பார்த்து, தெற்குப் பக்கத்து இரட்டை வீட்டில் மகனை வேறு வைத்தார். புதுத் தம்பதிக்குக் கொடுப்பதுபோலவே உப்பு, மஞ்சள், அரிசி என்று வரிசை தவறாமல் கொடுத்தார். அடுப்பைச் சோமுவே கடையில் பொறுக்கினான். பம்ப் ஸ்டவ் இரையும் என்று திரி ஸ்டவ் எடுத்தான்.

“கல்யாணம் ஆகாம வேறு வைக்கிற கூத்தை இங்குட்டுத்தான் பாக்கேன்,” என்றாள் மலையம்மாள். சொன்னவள்தான் பருப்பை எடுத்துப்போய் அவன் டப்பாவில் கொட்டினாள்.

செப்டம்பரிலிருந்து டிசம்பர் முடிய நோட்டில் இரண்டு தடவைதான் பதிந்திருக்கிறது. மச்சில் போட்ட மெத்தை கீழே இறங்கவில்லை.

ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. முன்பு மகனைக் கண்டு பயந்தார். இப்போது அவன் கண்டுபிடித்துக்கொண்ட இந்த நிம்மதி தன் மூச்சோடு போய்விடுமே என்று பயந்தார். பாதி வீட்டுக்குச் சொந்தக்காரன் அழகு. அவன் பூட்ட வேண்டும் என்று நின்றால் ஒற்றை ஆளாகச் சோமு என்ன செய்வான்?

1998 மார்ச்சில் முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கு அழகு வந்தான். இரட்டை வீட்டுக் கதவில் சோமு ஒட்டியிருந்த தாளைப் படித்தான். ‘இரண்டு தடவை தட்டவும். பதில் வராவிட்டால் பிறகு வரவும்.’

“சித்தப்பா, நம்ம வீட்டுல புள்ளியா ஆபீசரா இவன்?” என்று சிரித்துக்கொண்டே கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை.

செட்டியாரும் சிரித்துவைத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். சோமு ஆயுசு உள்ள மட்டும் அந்த இரட்டை வீட்டில் தனி அடுப்போடு இருந்துகொள்ளலாம் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வேண்டும். அழகின் சிரிப்பு நின்றது. உங்களுக்குப் பிறகு இத்தனை பெரிய வீட்டில் அவன் ஒருத்தன், கையில் மண்ணெண்ணெய், தலைக்கு மேலே தேக்கு, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கடைசியில், “குணமாயிருச்சுன்னு ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்புங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அனிதாவிடம் கேட்டார். சர்ட்டிபிகேட் எழுத நான் டாக்டர் இல்லை. டாக்டராக இருந்தாலும் குணமாகிவிட்டது என்று எழுதமாட்டேன் என்றது. அந்தச் சொல்லை எழுதினால் இதுவரை சோமுவிடம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அவருக்கு என்ன தேவை, எப்படி இருக்கிறார் என்று எழுதித் தருகிறேன், அவரும் எழுதட்டும்.

அந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்தால் அழகு கையெழுத்துப் போடமாட்டான் என்று செட்டியாருக்குத் தோன்றியது. ஜூனில் நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து நாலு நாள் படுத்தார். எழுந்ததும் கணக்குப் போட்டார்: வயது எழுபத்திரண்டு, தகப்பனார் போனது எழுபத்திரண்டில்.

செப்டம்பரில் ஒருநாள், காசு கொடுத்தால் கேட்டபடி எழுதித் தருவார் என்று பேர்பெற்ற ஒரு டாக்டரிடம் போனார். பட்டணம் முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. டோக்கன் பதினான்கு. பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்பதாம் நம்பர் உள்ளே போயிருந்தது. இருநூறு ரூபாய், ஒரு வரி. மகனுக்கு ஆயுசு முழுக்க ஒரு கூரை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பத்து, பதினொன்று போனது. நாச்சியாபுரத்துக் கார்டு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு. அப்புறம்தான் ஒன்று உறைத்தது: இந்தத் தடவையும் அவனிடம் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டபோது டோக்கனைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து கதவை இரண்டு தடவை தட்டினார். சோமு உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், அவன் பார்க்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அழகு கேட்டது, அனிதா மாட்டேன் என்றது, பெஞ்சில் தாம் உட்கார்ந்திருந்தது. பொய்யா எழுதுனா கையெழுத்து நிச்சயம், உள்ளதை எழுதுனா நிச்சயமில்லை, நீ என்ன சொல்றே என்று கேட்டார்.

சோமு அந்தக் கிழங்கை முழுக்க உரித்து முடித்தான்.

“பொய்ச் சர்ட்டிபிகேட்டுல இருக்குறவன் வேற ஆளு அப்பச்சி. அழகண்ணன் அந்த ஆளுக்குத்தானே கையெழுத்துப் போடும்?”

அக்டோபர் பத்தாம் தேதி சோமு எழுதிய தாளையும் அனிதாவின் கடிதத்தையும், அழகு கையெழுத்துப் போட வேண்டிய பத்திரத்தையும் ஒரே உறையில் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். சோமு எழுதியதைச் செட்டியார் நோட்டில் பிரதி எடுத்துவைத்தார்.

‘1. எனக்கு நோய் இல்லை. அதனால் குணமாகவில்லை.
2. மிக்ஸிச் சத்தம், பின்னாலிருந்து தொடுவது, சாப்பிடும்போது கேள்வி, இவை எனக்கு ஆகாது. இவை இல்லாவிட்டால் நன்றாக இருக்கிறேன்.
3. அடுப்பை அணைத்த பிறகு இரண்டு தடவை பார்க்கிறேன். பக்கத்தில் மணல் வாளி இருக்கிறது. சமைக்கும் நேரம் தவிர மண்ணெண்ணெய் டின் கிணற்றடியில் இருக்கும்.
4. காலையும் மாலையும் மலையம்மாள் வருகிறாள். ஞாயிறு அமலதாஸ் அண்ணன் வருகிறார். அப்பச்சி காலத்துக்குப் பிறகும் வருவதாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டேன்.
5. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன். எந்தக் கதவு எப்படிச் சத்தம் போடும் என்று தெரியும். வேறு இடத்தில் தெரியாது.’

நாலாவது வரியைப் பிரதி எடுக்கும்போதுதான் செட்டியாருக்குத் தெரியவந்தது. நான் போன பிறகு என்று அவர் ஒருவர்தான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார்.

காத்திருந்தார்கள். அக்டோபர் முடிந்தது. தீபாவளி போனது, அழகிடமிருந்து வாழ்த்துக் கார்டுகூட இல்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் நேரம் அவருக்குப் பாடமாகிவிட்டது. பதினொன்று பத்திலிருந்து பதினொன்று முப்பதுவரை வாசலை விட்டு நகரமாட்டார். சென்னைக்குப் போன் செய்யலாமா என்று எஸ்.டி.டி. பூத் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினார். சோமு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தடவை, பதினெட்டாம் தேதி ஒரு தடவை என்று முட்டிக்கொண்டான். செட்டியார் இரண்டையும் எழுதினார். பத்து நிமிஷம் முன்னால் நடந்தது என்ற இடத்தில் ‘தபால்காரர் நிற்காமல் போனார்’ என்று இரண்டு தடவையும் எழுத வேண்டியிருந்தது.

நாற்பத்தேழாம் நாள் தபால்காரர் நின்றார். சென்னை முத்திரை. செட்டியார் கையை நீட்டினார். தபால்காரர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இல்லை, தம்பிக்கு,” என்றார்.

உண்மைதான். மீ. சோமசுந்தரம் என்று விலாசம் எழுதியிருந்தது. அந்த வீட்டுக்குச் சோமு பேரில் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. செட்டியார் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தடிமனாக இருந்தது. பத்திரம் திரும்பி வந்திருக்கிறது. கையெழுத்தோடா, கையெழுத்து இல்லாமலா? பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. பிரிக்காமல் உறையை அவன் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சோமு ஒன்று பத்துக்கு வந்தான். உறையைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஸ்டவ்வைப் பற்றவைத்தான். சோறு வடித்தான். கிழங்கு வேறு, தயிர் வேறு, சோறு வேறு என்று வைத்துச் சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். அடுப்பை இரண்டு தடவை பார்த்தான். செட்டியார் அவன் சாப்பிடும்போது பேசக்கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. வேட்டி நுனியை முறுக்கி முறுக்கி அது கயிறாகியிருந்தது.

இரண்டேகாலுக்கு உறையைக் கத்தரியால் வெட்டினான். படித்தான். வாசலுக்கு வந்து அவருக்குப் பக்கத்தில், வளவைப் பார்த்து உட்கார்ந்தான்.

“கையெழுத்து இருக்கு, அப்பச்சி. சாட்சியும் இருக்கு.”

“வேற என்ன எழுதியிருக்கான்?”

“மார்ச்சுல மூணு தடவை தட்டிட்டேன், கோவிச்சுக்கிட்டியான்னு கேட்டிருக்கு.” கடிதத்தை மடித்தான். “ஆமா, மூணு தடவைதான் தட்டுச்சு.”

செட்டியார் தொடப்போன கையை மடக்கிக்கொண்டார். உள்ளே போய் நீல அட்டை நோட்டை எடுத்து முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். ‘சோமு வைத்தியம்’ என்ற தலைப்பை ஒரு கோடு போட்டு அடித்தார். பட்டியலுக்குக் கீழே, தொகை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, சென்னைக் கடிதம் வந்த தேதியை எழுதினார்.

26.11.1998, வியாழக்கிழமை.